கிரேக்கத் தீவுகளில் ஒரு கற்பனைச் சுற்றுலா

(பத்தாம் வகுப்பு மாணவி)

விடுமுறை வந்தால் எங்கே போகலாம் என்று ஆளுக்கொரு திசையைச் சொல்கிறோம். ஒருத்தி மலைக்கு என்கிறாள். இன்னொருத்தி கடற்கரைக்கு என்கிறாள். மலையும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் நாடு ஒன்று உண்டு. அதுதான் கிரேக்க நாடு. அங்கே செல்ல நமக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம். கப்பல் கட்டணமும் வேண்டாம். நூலகத்திலுள்ள பெரிய நிலப்படத் தொகுப்பும், சில வரலாற்று நூல்களும், கொஞ்சம் கற்பனையும் போதும். நம் வகுப்பிலிருந்து நால்வர் புறப்படுகிறோம். ஒருத்தி கணக்கில் கெட்டிக்காரி. ஒருத்தி ஓவியம் வரைபவள். ஒருத்தி வாய் ஓயாமல் கேள்வி கேட்பவள். நான்காமவள் நான், எழுதுவது என் வேலை.

ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலுக்குள் விரல்களை நீட்டினாற்போல் அமைந்திருப்பது கிரேக்கம். அதன் கிழக்கே ஏஜியன் கடல்; மேற்கே அயோனியக் கடல். சிறு திட்டுகளையும் சேர்த்து எண்ணினால் ஏறத்தாழ 6,000 தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் மக்கள் வாழ்பவை 227 மட்டுமே.

புறப்படும் முன் ஒரு செய்தி. இடிந்த கட்டடங்களைப் பார்த்து, "ஆகா, எவ்வளவு பழமை!" என்று வியந்துவிட்டுத் திரும்பினால் நாம் எதையும் கற்றவர்கள் ஆகமாட்டோம். ஆகவே குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் வரைந்துகொள்வோம். கட்டியவர் யார்? இடித்தவர் யார்? காத்தவர் யார்? ஒவ்வோர் இடத்திலும் இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம். வாருங்கள்!

1. ஏதென்ஸ் நகரின் முடி

ஏதென்ஸ் நகரின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில், ஒரு பாறைக் குன்று எழுந்து நிற்கிறது. அதன் பெயர் அக்ரோபோலிஸ். "உயர்ந்த நகரம்" என்பது அதன் பொருள். அதன் உச்சியில் நிற்கும் பார்த்தினான் என்னும் கோயிலைப் படத்தில் பார்க்காதவர் இருக்கமுடியாது. ஏதென்ஸின் தலைவர் பெரிகிளிஸ் காலத்தில், கி.மு. 447-இல் இதன் வேலை தொடங்கிற்று. இக்டினஸ், காலிகிரேட்டஸ் என்னும் இருவர் கட்டடக் கலைஞர்கள். சிற்பப் பணிக்குத் தலைமை தாங்கியவர் பிடியாஸ். நகருக்கு வடகிழக்கேயுள்ள பென்டெலி மலையிலிருந்து வெண்ணிறப் பளிங்குக் கற்களைக் கொண்டுவந்தனர். கி.மு. 438-இல் கோயில் அதீனா தேவிக்கு அர்ப்பணிக்கப்பட்டது, கி.மு. 432-இல் சிற்ப வேலைகளும் முடிந்தன.

வெளிச்சுற்றில் 46 தூண்கள். கணக்குத் தோழி அளவுகளைப் படித்தவுடன் வியப்படைந்தாள். ஏனெனில் அக்கோயிலின் அடித்தளம் நேர்கோடாக இல்லை. நடுவில் சற்றே மேடாக வளைந்திருக்கிறது. தூண்களும் செங்குத்தாக இல்லை. உட்புறமாகச் சிறிதே சாய்ந்திருக்கின்றன. ஆனால் காண்போர் கண்ணுக்கோ எல்லாம் நேராகவே தோன்றும்!

"இவ்வளவு உறுதியாகக் கட்டிய கோயில் ஏன் இடிந்தது? வயதாகிவிட்டதாலா?" என்று கேள்விக்காரி கேட்டாள்.

இல்லை, தோழியரே! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது பெரும்பாலும் முழுமையாகவே நின்றது. கிறிஸ்தவம் பரவிய பிறகு தேவ அன்னையின் ஆலயமாக விளங்கியது. துருக்கியர் ஆட்சியில் மசூதியாக மாறியது. 1687-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரப் படை ஏதென்ஸை முற்றுகையிட்டபோது, துருக்கியர் அதனுள் வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்தனர். செப்டம்பர் 26-ஆம் நாள் வெனிஸ் படையின் குண்டு ஒன்று அதன்மேல் விழுந்தது. ஒரே நொடியில் கூரை பறந்தது. நடுவிலிருந்த தூண்கள் சாய்ந்தன. உள்ளே தஞ்சம் புகுந்திருந்த ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். இருபது நூற்றாண்டுகள் செய்யாததை ஒரு குண்டு செய்துவிட்டது!

அதற்குப் பின் 1801 முதல் எல்ஜின் பிரபு என்னும் ஆங்கிலத் தூதர், எஞ்சிய சிற்பங்களில் பாதியளவைப் பெயர்த்து எடுத்துச் சென்றார். 1816-இல் அவை பிரிட்டிஷ் அரசுக்கு விற்கப்பட்டு, இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்று 1982-இல் உலக அரங்கில் குரல் எழுப்பினார் கிரேக்கத்தின் பண்பாட்டு அமைச்சர் மெலினா மெர்கூரி என்னும் பெண்மணி. அவர் முன்பு புகழ்பெற்ற திரைப்பட நடிகை. வத்திக்கானில் இருந்த மூன்று சிறு பகுதிகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023-ஆம் ஆண்டு கிரேக்கத்துக்கு வழங்கினார் என்பதை அறியும்போது நம் உள்ளம் மகிழ்கிறது.

இன்னொரு செய்திதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பார்த்தினானைப் பழுது பார்த்தவர்கள், கற்களை இணைக்க இரும்புப் பட்டைகளைப் பயன்படுத்தினர். பழைய கிரேக்கரும் இரும்பையே பயன்படுத்தினர். ஆனால் அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றி, காற்றும் நீரும் படாமல் மூடினர். புதியவர்கள் அதைச் செய்யவில்லை. இரும்பு துருப்பிடித்துப் பருத்தது, பளிங்கு வெடித்தது. அவர்கள் கோயிலை வெறுத்தவர்களா? இல்லவே இல்லை; அதைக் காப்பாற்ற வந்தவர்கள்! 1975-இல் அமைக்கப்பட்ட குழுவினர் அந்த இரும்பை அகற்றிவிட்டு, துருப்பிடிக்காத டைட்டேனியம் என்னும் உலோகத்தை வைத்துப் பொறுமையாகச் சரிசெய்து வருகின்றனர். காப்பதற்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

2. கூரையைத் தாங்கும் கன்னியர்

பார்த்தினானுக்கு அருகே எரெக்தியம் என்னும் சிறிய கோயில் இருக்கிறது. அதன் தென்புற முன்றிலில் தூண்களுக்குப் பதிலாக ஆறு பெண் சிலைகள் கூரையைத் தலைமேல் தாங்கி நிற்கின்றன. இவர்களுக்குக் காரியாடிட் என்று பெயர். தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்ணைப்போல், கழுத்து வளையாமல், முகத்தில் களைப்பே இல்லாமல் நிற்கிறார்கள்.

ஓவியத் தோழி அவர்களைப் பின்புறமாக வரைய விரும்பினாள். காரணம், அவர்களின் சடை! தடித்த பின்னல் பிடரியில் இறங்குகிறது. அது அழகுக்கு மட்டுமன்று. கழுத்து மெல்லியது, கூரையோ கனமானது. சடை பிடரியோடு சேர்ந்து நின்று கழுத்துக்கு வலுவூட்டுகிறது. இந்தச் சடையை உண்மையாகவே பின்னமுடியுமா என்று அமெரிக்காவில் இயேசு சபையினர் நிறுவிய ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2009-இல் சோதித்தனர். ஆறு மாணவியருக்கு அதேபோல் பின்னிப் பார்த்தனர், பின்ன முடிந்தது! இரட்டைச் சடையும் ரிப்பனுமாகப் பள்ளிக்கு வரும் நமக்கு இச்செய்தி பிடிக்காமல் போகுமா?

இன்று அங்கே நிற்பவை படிகளே. உண்மையான ஐந்து சிலைகள், 2009-இல் திறக்கப்பட்ட புதிய அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆறாவது சகோதரி இலண்டனில் இருக்கிறாள். அவளுக்காக அருங்காட்சியகத்தில் ஓர் இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது.

இங்கேதான் கேள்விக்காரி ஒரு கேள்வி கேட்டாள். "மக்களாட்சி பிறந்த ஊர் ஏதென்ஸ் என்று படித்தோமே, அந்தச் சபையில் பெண்கள் பேசினார்களா?"

இல்லை. வயது வந்த ஆண் குடிமக்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்தது. பெண்களுக்கும், அடிமைகளுக்கும், பிற ஊரிலிருந்து வந்து குடியேறியோருக்கும் இடமில்லை. கல்லில் செதுக்கிய பெண் கோயிலின் கூரையையே தாங்கினாள். உயிருள்ள பெண்ணோ சபையின் வாசலையும் மிதிக்கவில்லை! நாட்டுத் தேர்தலில் கிரேக்கப் பெண்கள் முழு வாக்குரிமை பெற்றது 1952-ஆம் ஆண்டில்தான். பழைய நாகரிகத்தைப் போற்றும்போது இதையும் மறவாதிருப்போம்.

அக்ரோபோலிஸின் அடிவாரத்திலேயே அரயோபாகு என்னும் பாறை இருக்கிறது. நம் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட பெயர் அல்லவா? திருத்தூதர் பவுல் ஏதென்ஸின் அறிஞர்களிடம், அவர்கள் அறியாமலே வழிபட்டுவந்த இறைவனைப் பற்றிப் பேசியதைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அவ்வுரை கிரேக்க மொழியில் பொறிக்கப்பட்ட தகடு இன்றும் பாறையின் அடியில் இருக்கிறது. பலர் சிரித்தனர், சிலரே நம்பினர். அச்சிலருள் தாமரி என்னும் பெண்ணின் பெயரைத் திருவிவிலியம் குறித்து வைத்திருக்கிறது. சபையில் இடமில்லாத பெண்ணுக்கு அங்கே பெயர் இருந்தது!

3. கடல் முனையில் ஒரு கோயில்

ஏதென்ஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் சென்றால் சௌனியோன் என்னும் முனை. கடலிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரமான பாறைமேல், கடல் தெய்வமான பொசைடனுக்குக் கட்டிய கோயிலின் வெண்தூண்கள் நிற்கின்றன. இதுவும் பெரிகிளிஸ் காலத்தது. கடலிலிருந்து திரும்பும் மாலுமிகளுக்கு, வீடு நெருங்கிவிட்டது என்று அறிவித்த அடையாளம் இதுவே.

ஆனால் தூண்களை அருகில் சென்று பார்த்தால் வருத்தமே மிஞ்சும். வந்தவர் போனவர் எல்லாரும் தம் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் பைரனின் பெயரும் ஒரு தூணின் அடியில் காணப்படுகிறது. கிரேக்கத்தின் விடுதலைப் போருக்காகச் சென்று, 1824-இல் அந்த மண்ணிலேயே உயிர்விட்டவர் அவர். அத்தகையவரின் பெயர் அங்கே இருப்பதால் அதன் கீழே பெயர் பொறிப்பவர்களும் தங்களைப் பைரன் என்றே எண்ணிக்கொண்டார்களோ என்னவோ! கவராயத்தின் முனையால் மேசையில் பெயர் செதுக்கும் தோழியர் இப்பகுதியை இருமுறை படிப்பார்களாக.

4. பிறப்பும் இறப்பும் இல்லாத தீவு

பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி மிக்கோனோஸ் தீவை அடைந்து, அங்கிருந்து படகில் அரைமணி நேரம் போனால் டெலோஸ் தீவு. அதன் பரப்பு நான்கு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் அதைச் சுற்றி வட்டமாக அமைந்திருப்பதால்தான் அக்கடலிலுள்ள தீவுக் கூட்டத்துக்கே "வட்டத் தீவுகள்" என்னும் பொருளில் சைக்ளடீஸ் என்று பெயர் வந்தது.

அப்பல்லோ தெய்வம் பிறந்த இடமென்று பழைய கிரேக்கர் இதைப் போற்றினர். கி.மு. 426-இல் ஏதென்ஸ் நகரத்தார் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்து அடுத்த தீவுக்கு மாற்றினர். இனி டெலோஸில் எவரும் பிறக்கக்கூடாது, எவரும் இறக்கக்கூடாது என்று சட்டம் செய்தனர். பிரசவ வலி கண்ட பெண்ணையும், சாகக் கிடந்த முதியவரையும் படகில் ஏற்றி அனுப்பினார்களாம்.

நக்ஸோஸ் தீவினர் காணிக்கையாக வைத்த பளிங்குச் சிங்கங்களின் வரிசை இங்கே பெயர்பெற்றது. 2,600 ஆண்டுக் காற்றிலும் உப்பிலும் தேய்ந்து, வாயைத் திறந்தபடி அவை அமர்ந்திருக்கின்றன. இப்போது வெளியில் இருப்பவை படிகள். உண்மைச் சிங்கங்கள் அருங்காட்சியகத்துள் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு சிங்கம் மட்டும் வெகு தொலைவில், வெனிஸ் நகரில் இருக்கிறது.

தூய தீவு என்று பெயரெடுத்த இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் உரோமையர் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கினர். வணிகம் பெருகிற்று, அடிமை வணிகமும் பெருகிற்று. ஒரே நாளில் பதினாயிரம் அடிமைகளை ஏற்றி இறக்கும் ஆற்றல் அத்துறைமுகத்துக்கு இருந்தது என்று ஸ்டிராபோ என்னும் பழைய புவியியல் அறிஞர் எழுதியிருக்கிறார். வழவழப்பான தரைச் சித்திரங்களும் முற்றங்களும் கொண்ட மாளிகைகளைப் பார்க்கும்போது, "கட்டியவர் யார்?" என்னும் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது? பெயர் தெரியாதவர்களுக்காக ஒரு வரியை வெறுமையாக விட்டோம்.

ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் பெயர் கிடைத்தது. கிளியோபாத்ரா என்பவள் (எகிப்து அரசி அல்லள், ஏதென்ஸ் குடும்பத்துப் பெண்) தன் கணவர் கோயிலுக்கு அளித்த வெள்ளிக் காணிக்கையை நினைவுகூர்ந்து சிலை வைத்திருக்கிறாள். இருவர் சிலைகளும் நிற்கின்றன, இருவருக்கும் தலையில்லை.

கி.மு. 88-இல் மித்ரிடேட்ஸ் மன்னனின் படையும், கி.மு. 69-இல் கடற்கொள்ளையரும் தாக்கியபின் தீவு மெல்ல மெல்ல ஆளற்றுப் போயிற்று. இன்று பயணிகள் எவரும் அங்கே இரவு தங்க அனுமதியில்லை. மாலையில் கடைசிப் படகு புறப்பட்டதும் சிங்கங்களும் காவலர்களுமே மிச்சம்.

5. சாம்பலுக்குள் ஓர் ஊர்

தெற்கே செல்கிறோம். சாண்டோரினித் தீவு பிறைவடிவமானது. செங்குத்தான பாறை விளிம்பில் வெண்ணிற வீடுகள், கீழே ஆழ்கடல். பிறையின் நடுவில் முன்பு நிலம் இருந்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை பயங்கரமாக வெடித்து, நடுப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்தது.

அவ்வெடிப்பில் அக்ரோத்திரி என்னும் ஊர் சாம்பலுக்குள் புதைந்தது. 1967-இல் ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் என்னும் அறிஞர் அதை அகழத் தொடங்கினார். இரண்டு மூன்று மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய், தானியம் நிறைத்த பெரிய தாழிகள், சுவர் முழுவதும் வண்ண ஓவியங்கள்! ஓர் ஓவியத்தில் வால் நீண்ட தகைவிலான் குருவிகள் லில்லிப் பூக்களுக்கிடையே பறக்கின்றன. மற்றொன்றில் இளம்பெண்கள் பாறைகளுக்கிடையே குங்குமப்பூ கொய்கிறார்கள். ஓவியத் தோழி அப்பக்கத்தைப் புரட்ட விடவேயில்லை.

இவ்வூரில் இதுவரை மனித எலும்புக்கூடு ஒன்றும் கிடைக்கவில்லை. முன்னதாகவே நிலம் நடுங்கி எச்சரித்திருக்கிறது. மக்கள் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டனர். நகை நட்டும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. 1999-இல் மட்டும் ஒரு பெட்டிக்குள் சிறிய தங்க ஆட்டு உருவம் ஒன்று கிடைத்தது. அவசரத்தில் மறந்தார்களோ, திரும்பி வருவோம் என்று விட்டுச் சென்றார்களோ?

இது பழங்கதை மட்டுமன்று. 1956-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சாண்டோரினியின் வீடுகள் பல இடிந்தன. 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாரக்கணக்கில் நிலம் நடுங்கியபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பலிலும் விமானத்திலும் தீவைவிட்டு வெளியேறினர். அக்ரோத்திரிக் குடும்பங்கள் மூட்டை கட்டிய காட்சியை நாம் கற்பனை செய்யவே வேண்டியதில்லை.

இங்கும் காப்பதில் ஒரு பாடம் உண்டு. வெயிலும் மழையும் படாமலிருக்க அகழாய்வின்மேல் புதிதாக ஒரு கூரை அமைத்தனர். 2005-இல் அதன் ஒரு பகுதி சரிந்து பயணி ஒருவர் இறந்தார். அதைச் செம்மையாக அமைத்து மறுபடி திறக்க 2012 வரை ஆயிற்று.

6. கிரீட் தீவும் ஓர் ஆசிரியையும்

கிரேக்கத் தீவுகளுள் மிகப்பெரியது கிரீட். இங்குள்ள குனோசஸ் அரண்மனை ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மினோவா நாகரிகத்தைச் சேர்ந்தது. காளைத் தலையுடைய அரக்கன் வழி தெரியாத சுற்றுமாளிகையில் வாழ்ந்தான் என்னும் கதை பிறந்த இடம் இதுவே. நூற்றுக்கணக்கான அறைகளும், படிக்கட்டுகளும், திருப்பங்களும் கொண்ட அதன் வரைபடத்தைப் பார்த்தால் கதை ஏன் பிறந்தது என்பது விளங்கும்.

1878-இல் மினோஸ் கலோகைரினோஸ் என்னும் உள்ளூர் வணிகர் முதலில் இங்கே தோண்டினார். 1900 முதல் ஆர்தர் எவான்ஸ் என்னும் ஆங்கிலேயர் பெரிய அளவில் அகழ்ந்தார். அவர் இடிந்த பகுதிகளைச் சிமெண்டுக் கலவையால் மீண்டும் கட்டி, தூண்களுக்குச் சிவப்பு வண்ணமும் பூசினார். அதனால் இன்று காண்பதில் எது பழையது, எது எவான்ஸ் கட்டியது என்று பிரித்தறிவது எளிதன்று. பார்ப்பவர்க்கு அரண்மனை விளங்குகிறது. ஆய்பவர்க்கு ஐயம் எழுகிறது.

அங்கே கிடைத்தவற்றுள் மதிப்பு மிக்கவை களிமண் ஏடுகள். பச்சைக் களிமண்ணில் எழுதிய கணக்குகள் அவை. அரண்மனையை எரித்த தீயே அவற்றைச் சுட்டு உறுதியாக்கிவிட்டது! ஆனால் அவற்றின் எழுத்தைப் படிக்க ஒருவராலும் முடியவில்லை. "வரிவடிவம் பி" என்று அதற்குப் பெயரிட்ட எவான்ஸ் 1941-இல் படிக்க முடியாமலே மறைந்தார்.

தோழியரே, இனி நான் கூறப்போகும் பெண்மணியைப் பற்றி நம் பாடநூலில் இல்லை. அவர் பெயர் ஆலிஸ் கோபர். 1906-இல் நியூயார்க் நகரில் பிறந்தவர். ஹங்கேரியிலிருந்து குடியேறிய குடும்பத்தின் மகள். புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியை. பகலெல்லாம் இலத்தீனும் கிரேக்கமும் கற்பிப்பார். இரவில் வீட்டில் அமர்ந்து இந்த எழுத்துகளை ஆராய்வார். அதற்காகவே சமஸ்கிருதம் உட்படப் பல மொழிகளைக் கற்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காகிதம் கிடைப்பது அரிது. எனவே பழைய வாழ்த்து மடல்களையும் கிடைத்த துண்டுத் தாள்களையும் ஒரே அளவாக வெட்டி அட்டைகளாக்கினார். எந்த எழுத்து எந்த எழுத்தோடு வருகிறது என்று ஒவ்வோர் அட்டையிலும் குறித்தார். அவ்வாறு சேர்ந்த அட்டைகள் ஏறத்தாழ 1,80,000! அவற்றைச் சிகரெட்டுப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்.

"இதுதான் விடை" என்று அவசரப்பட்டுச் சொன்ன அறிஞர்கள் பலர். கோபர் அப்படிச் சொல்லவில்லை. சொற்களின் முன்பகுதி மாறாமலிருக்க, இறுதி மட்டும் மாறுகிறது என்பதை அவர் கண்டுபிடித்தார். நாம் "மரம், மரத்தை, மரத்தால்" என்று வேற்றுமை உருபு சேர்க்கிறோமே, அதைப்போலவே அம்மொழியிலும் சொல்லின் இறுதி மாறுகிறது என்று நிறுவினார். பூட்டைத் திறக்கும் சாவியின் பாதி கிடைத்துவிட்டது. ஆனால் 1950-இல், 43-ஆம் வயதில், விடை காணுமுன்பே அவர் இறந்தார்.

மறுபாதியைச் செய்தவர் மைக்கேல் வென்டிரிஸ். 1936-இல் பதினான்கு வயதுப் பள்ளி மாணவனாக எவான்ஸின் சொற்பொழிவைக் கேட்டு, இந்த எழுத்தின்மேல் ஆவல் கொண்டவர். 1952-இல் அவர் அதைப் படித்துக்காட்டினார். அது மிகப் பழைய கிரேக்க மொழியே!

ஏடுகளில் என்ன இருந்தது? அரசர் புகழா? போர்க் கதையா? இல்லை, ஆடுகளின் எண்ணிக்கை, கம்பளியின் எடை, எண்ணெய், தானியம். துணி நெய்த பெண்களும் அவர்களுடைய மகள்களும் மகன்களும் எத்தனை பேர் என்ற பட்டியல். ஏதென்ஸின் சபையில் இடம்பெறாத பெண்கள், அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கும் முற்பட்ட களிமண்ணில் இடம்பெற்றிருக்கிறார்கள். அவர்களைப் படிக்க உதவியவரும் ஒரு பெண்ணே!

7. ரோட்ஸ், கோஸ் தீவுகள்

கிழக்கே ரோட்ஸ். உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றான கதிரவன் சிலை இங்கேதான் இருந்தது. சுமார் 33 மீட்டர் உயரமுள்ள அந்த வெண்கலச் சிலை கி.மு. 280 அளவில் முடிந்தது, கி.மு. 226-இல் நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. அறுபது ஆண்டுகூட நிற்கவில்லை.

நோயாளிகளைப் பேணுவதற்கென்று தோன்றிய புனித யோவான் சபை வீரர்கள் 1309 முதல் 1522 வரை இத்தீவை ஆண்டனர். அவர்களின் கோட்டை நகரம் இன்றும் மதில்களோடு நிற்கிறது. 1440-இல் கட்டத் தொடங்கிய அவர்களுடைய மருத்துவமனை இப்போது அருங்காட்சியகம். ஆனால் அவர்களின் பெரிய ஆலயம் இல்லை. 1856-இல் வெடிமருந்து தீப்பற்றி அது தரைமட்டமாயிற்று. பார்த்தினானுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

வடக்கே கோஸ். மருத்துவத்தின் தந்தை ஹிப்பாகிரட்டஸ் பிறந்த தீவு. பவுல் அடிகளார் தம் கடற்பயணத்தில் கோசையும் ரோதையும் கடந்து சென்றதாகத் திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். நமக்கும் இத்தீவோடு உறவு உண்டு. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த மதுச்சாடி உடைசல்களுள் கோஸ் தீவின் வகையைச் சேர்ந்தவை பல. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் புறநானூறு குறிப்பிடுகிறது அல்லவா? பாட்டில் இருப்பது மண்ணுக்குள்ளும் இருந்தது.

8. இடியாத இடம்

கடைசியாகப் பாட்மோஸ். திருவிவிலியம் பத்மு என்று கூறும் தீவு இதுவே. நாடு கடத்தப்பட்டிருந்த யோவான் இங்கே காட்சி கண்டு எழுதியதே திருவெளிப்பாடு நூல். அவர் தங்கியதாகப் போற்றப்படும் குகையில் இன்றும் விளக்கு எரிகிறது. குன்றின் உச்சியில் 1088-இல் கிறிஸ்தோதுலோஸ் என்னும் துறவி நிறுவிய மடம் கோட்டைபோல் நிற்கிறது. அதன் நூலகத்தில், ஊதாநிறம் தோய்த்த தோலில் வெள்ளி எழுத்தால் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய மாற்கு நற்செய்தியின் 33 இதழ்கள் இருக்கின்றன.

"இது மட்டும் ஏன் இடியவில்லை?" என்றாள் கேள்விக்காரி.

ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே மனிதர் வாழ்கிறார்கள். ஓடு உடைந்தால் மாற்றுகிறார்கள்; ஏட்டில் பூச்சி அரித்தால் துடைக்கிறார்கள்; பெரியவர் செய்ததைச் சிறியவர் கற்றுக்கொள்கிறார்கள். பார்த்தினானும் மக்கள் கூடி வழிபட்டவரையில் நின்றது. வெடிமருந்துக் கிடங்கானபோதுதான் வீழ்ந்தது.

இப்போது மூன்று கட்டங்களையும் சேர்த்துப் படித்துப் பார்ப்போம். கட்டியவர்: அரசரும் கலைஞரும் மட்டுமல்லர், பெயரில்லாத அடிமைகளும், நெசவுப் பெண்களும்கூட. இடித்தவர்: நிலநடுக்கமும் எரிமலையும் உண்டு, ஆனால் போரும், பேராசையும், அறியாமையும் செய்தவையும் அதற்குக் குறைவில்லை. காத்தவர்: பொறுமை உள்ளவர்கள். இன்று அந்நாட்டுக்குப் புதிய கவலை ஒன்று வந்திருக்கிறது. கூட்டம்! பார்க்க வருகிறவர்களின் காலடியே கல்லைத் தேய்க்கிறது. ஆதலால் 2023 முதல் அக்ரோபோலிஸில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் ஏற அனுமதிப்பதில்லை.

வரலாறு என்றால் அரசர் பெயரும் ஆண்டும் மனப்பாடம் செய்வதே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் வரலாற்றுப் பிரிவை எடுக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், "ஏனடி, மதிப்பெண் குறைவா?" என்று கேட்கிறோம். துண்டுத் தாளில் ஒரு நாகரிகத்தின் பேச்சை மீட்ட ஆலிஸ் கோபரை எண்ணிப் பாருங்கள். கல்லையும் எழுத்தையும் காக்க அறிவும் பொறுமையும் உள்ள பெண்கள் வேண்டும். அந்த மூன்றாவது கட்டத்தில் நம் பள்ளி மாணவியர் சிலரின் பெயரும் ஒருநாள் இடம்பெறட்டும்.

பெற்றோர்களே, உங்கள் மகள் பழைய காசையோ கல்வெட்டையோ பார்த்து நின்றால், நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோழியரே, நம் ஊர்ப் பழங்கல்லின்மேல் பெயர் செதுக்காதிருப்போம், சுண்ணாம்பு பூசாதிருப்போம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தொடங்குவோம். கேட்பவர் இருக்கும்வரை கல்லும் பேசும்.